கஞ்சித்தொட்டியும் கொலஸ்ட்ராலும்

'உடம்பெல்லாம் கொழுப்புடா உனக்கு!'

இந்த வசவை ஒரு தடவையாவது வாங்காமல் தமிழ்நாட்டில் எந்தப் பையனும் வளர்ந்திருக்க மாட்டான். சும்மா கோபத்தில் சொல்வது. ஆனால், அந்தக் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, காகிதத்தில் அச்சடித்து, கையில் கொடுத்துவிட்டால்?

ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயசு 27. வீடு ராயபுரம். எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. ஆள் ஒல்லி. இடுப்புக்கு மேலே மட்டும், பெல்ட்டைத் தாண்டி லேசாக எட்டிப் பார்க்கும் ஒரு சின்னத் தொப்பை. கம்பெனி செலவில் மெடிக்கல் செக்கப் நடக்கிறது. ரிப்போர்ட் வருகிறது. மொத்தக் கொலஸ்ட்ரால் 210. பக்கத்தில் ஒற்றை வார்த்தை: பார்டர்லைன்.

"பார்டர்ல பாஸ் பண்ணிட்டேன் நைனா!" என்று அப்பாவிடம் சொல்கிறான். காகிதம் நாலாக மடிந்து பீரோவுக்குள் போகிறது. பத்தாங்கிளாஸ் கணக்குப் பரீட்சையில் 35 மார்க் வாங்கியபோது வந்த அதே நிம்மதி.

அந்தக் காகிதத்தைத் திரும்ப வெளியே எடுப்பதுதான் இந்த வாரம் நம்முடைய வேலை. அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 240 வருஷத்துக்கும் மேலே. தூரம்தான் ரொம்பக் கிடையாது. அவன் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி.

* * *

ஸ்டான்லி என்று சொன்னால் வடசென்னையின் பழைய ஆட்களுக்குக் கொஞ்சம் யோசிக்கவேண்டி வரும். 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றால் ஆட்டோக்காரர் மறுபேச்சில்லாமல் கொண்டுபோய் இறக்கிவிடுவார். ஆஸ்பத்திரிக்கு எதற்குக் கஞ்சித்தொட்டி என்று பெயர்?

1780-களின் தொடக்கம். ஹைதர் அலியின் படைகள் கர்நாடகச் சீமையைப் புரட்டிப் போட்டிருந்தன. வயல்கள் எரிந்தன. விதை நெல்கூட மிச்சமில்லை. கிராமம் கிராமமாக ஜனங்கள் மெட்ராஸை நோக்கி நடந்துவந்தார்கள். பாதி பேர் வழியிலேயே விழுந்தார்கள். வந்து சேர்ந்தவர்களுக்காக 1782-ல் கோட்டைச் சுவருக்கு வெளியே, ராயபுரத்தின் ஓரத்தில், ஒரு கஞ்சி ஊற்றும் இடம் திறக்கப்பட்டது. அதைப் பார்த்துக்கொண்டவர் ஊர் மணியக்காரர். அதனால் மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரன் வாயில் அது 'மோனிகர் சவுல்ட்ரி' ஆனது. ஜனங்களுக்கு எப்போதும்போல் அது கஞ்சித்தொட்டி.

பசியோடு வந்தவர்களுக்கு வியாதியும் இருந்தது. கஞ்சி கொடுத்த இடத்தில் மருந்தும் கொடுக்க ஆரம்பித்தார்கள். சத்திரத்தை ஒட்டி ஆஸ்பத்திரி வளர்ந்தது. 1938-ல் அது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாகவும் ஆனது.

ஆக, வடசென்னையின் மிகப் பெரிய ஆஸ்பத்திரி பட்டினியிலிருந்து பிறந்தது. இதை மனதில் ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த காட்சி 1877. தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்று தீர்த்த பஞ்சம். கொடுமை என்னவென்றால், அதே நேரத்தில் மெட்ராஸ் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைபோல அடுக்கிக் கிடந்தன. லண்டன் பத்திரிகைகள் அதைப் படமாகவே போட்டன. மூட்டைக்குப் பத்தடி தள்ளி மனிதர்கள் சுருண்டு கிடந்தார்கள்.

நிலைமையைப் பார்க்க அனுப்பப்பட்டவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். அரசாங்கத்துக்கு எப்படியாவது செலவைக் குறைத்துக் காட்டவேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்தவர். நிவாரண வேலை பார்க்கும் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கணக்கு முடித்தார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். நாள் முழுக்க மண் வெட்டிச் சுமப்பவனுக்கு! மெட்ராஸ் மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் கொதித்துப்போனார். 'இதைத் தின்று ஒருவன் வேலை செய்யமுடியாது, மெதுவாகச் சாகத்தான் முடியும்' என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். பின்னாளில் வரலாற்றாசிரியர் மைக் டேவிஸ் அந்தக் கூலியைக் கலோரியாக மாற்றிப் பார்த்தார். 1627 வந்தது. இன்றைக்கு ஏ.சி. அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டுகிறவருக்கே அது போதாது.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் கால்வாய் அந்தப் பஞ்ச காலத்து நிவாரண வேலைதான். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை அந்த நீர்வழி முழுவதற்கும் வைத்தார்கள். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் பின்பக்கமாகக் கறுப்பாக ஓடுகிறதே, அந்த பக்கிங்ஹாம் கால்வாயின் பெயருக்குப் பின்னால் பட்டினி கிடந்தவர்களின் முதுகெலும்பு இருக்கிறது.

பிழைத்தவர்களில் பலர் கப்பலேறினார்கள். இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர்.

சிங்கப்பூரில் இருந்துதான் முதல் எச்சரிக்கை மணி அடித்தது.

* * *

1959. அமெரிக்காவின் இதயநோய் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதிய குழுவின் தலைவர் டாக்டர் டி.ஜே. தனராஜ். பின்னாளில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தின் முதல் டீன் ஆனவர். 1950-லிருந்து 1954 வரை சிங்கப்பூரில் நடந்த ஒன்பதாயிரத்துக்கும் அதிகமான பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைத் தனராஜ் குழு புரட்டிப் பார்த்தது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று இனவாரியாகப் பிரித்தது.

முடிவு? இதயத்தின் ரத்தக்குழாய் அடைப்பு சீனர்களைவிட இந்தியர்களுக்கு ஏழு மடங்கு. சிங்கப்பூர் இந்தியர்களில் பெரும்பாலோர் யார்? சொல்லவே வேண்டாம், நம்மவர்கள்தான்.

வெளிநாட்டுச் சாப்பாடு, வெளிநாட்டுக் காற்று என்று தள்ளிவிட்டிருக்கலாம். ஆனால் எட்டே வருஷத்தில் அடுத்த மணி உள்ளூரிலேயே அடித்தது.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் கிளம்பியது நம் ராயபுரத்திலிருந்துதான். அப்புறம் ரயில்வே வளர்ந்து, நாட்டிலேயே அதிக வேலையாட்களை வைத்திருக்கும் நிறுவனங்களில் ஒன்றாகிவிட்டது. ரயில்வேயில் ஒரு வசதி உண்டு. யார் எந்த வயசில் எதனால் செத்தார்கள் என்று எல்லாவற்றுக்கும் ரெக்கார்டு இருக்கும். அந்த ரெக்கார்டுகளைக் கையில் எடுத்தார் ரயில்வே டாக்டர் எஸ்.எல். மல்ஹோத்ரா. 11 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள். காஷ்மீர் அடிவாரத்திலிருந்து கன்னியாகுமரி வரை.

1967-ல் அவர் வெளியிட்ட கணக்கு எல்லோரையும் தலையைச் சொறிய வைத்தது. பஞ்சாபி என்ன சாப்பிடுவான்? நெய், வெண்ணெய், லஸ்ஸி. தென்னிந்தியனைவிட எட்டிலிருந்து பத்தொன்பது மடங்கு அதிகக் கொழுப்பு! அப்படியானால் மாரடைப்பு பஞ்சாபிக்குத்தானே கூடுதலாக வரவேண்டும்? ம்ஹூம். தலைகீழ். தென்னிந்திய ரயில்வே ஊழியர்களுக்கு ஏழு மடங்கு அதிகம். சோறு, சாம்பார், ரசம் சாப்பிட்டவர்களுக்கு!

மறுபடியும் அதே ஏழு. இதற்கு மல்ஹோத்ரா சொன்ன விளக்கங்கள் பலவும் இன்று செல்லுபடியாகாது. பஞ்சாபிலும் பிற்பாடு மாரடைப்பு எகிறிவிட்டது. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி அப்படியே நின்றது. கொழுப்பே சாப்பிடாதவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறானே, ஏன்?

கேள்விக்குப் பதில் தேடுவதற்குள் வைத்தியம் பார்த்தாகவேண்டுமே. 1975-ல் இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷனை டாக்டர் கே.எம். செரியன் வெற்றிகரமாகச் செய்தார். எங்கே? பம்பாயிலோ டெல்லியிலோ இல்லை. ராயபுரத்துக்குப் பக்கத்து ஏரியாவான பெரம்பூரில், ரயில்வே ஆஸ்பத்திரியில்.

பட்டினிக்குக் கஞ்சி ஊற்றிய அதே வடசென்னையில், இதயத்துக்குப் புதுக் குழாய் போட்டார்கள். நடுவில் இருநூறு வருஷம்கூட ஆகவில்லை.

* * *

சரி, இந்தக் கொலஸ்ட்ரால் என்பது யார்? வில்லனா?

முதலில் ஒரு விஷயம். அது இல்லாமல் நாம் இல்லை. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் சுவர் எழுப்ப அது வேண்டும். ஹார்மோன்கள் செய்ய வேண்டும். பித்தநீர் செய்ய வேண்டும். அதனால் சாப்பாட்டை நம்பி உட்கார்ந்திருக்காமல், கல்லீரலே பெரும்பகுதியைத் தயாரித்துவிடுகிறது. தேவையான சரக்கு தேவையான இடத்துக்குப் போகிறவரை தொல்லையில்லை. மிஞ்சினால்தான் வம்பு.

1913-ல் ரஷ்யாவின் அனிச்கோவ், முயல்களுக்குச் சூரியகாந்தி எண்ணெயில் கொலஸ்ட்ராலைக் கரைத்துக் கொடுத்தார். முயல்களின் ரத்தக்குழாய் தடித்துப்போனது. 'முயல் புல் தின்கிற பிராணி. அதற்குக் கொழுப்பைக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும்' என்று உலகம் அவரை ஓரங்கட்டியது.

உலகத்தை உலுக்கியது ஒரு யுத்தம். 1953-ல் கொரியப் போரில் இறந்துபோன 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயத்தை ராணுவ டாக்டர்கள் திறந்து பார்த்தார்கள். சராசரி வயது 22. எல்லோரும் ஓடியாடி, மலையேறி, குண்டடிபட்டுச் செத்தவர்கள். ஒருத்தருக்கும் நெஞ்சுவலி வந்ததாகப் புகார் இல்லை. ஆனால் நூற்றுக்கு 77 பேருக்கு இதயக் குழாயில் படிவு ஆரம்பித்திருந்தது!

இதுதான் அந்த ராயபுரம் பையன் தெரிந்துகொள்ளவேண்டிய முதல் சங்கதி. மாரடைப்பு 50 வயதில் வருகிற வியாதி கிடையாது. 20-ல் தொடங்கி 50-ல் கதவைத் தட்டுகிற வியாதி. வீட்டுக் குழாயில் உப்பு படிகிற மாதிரி. தண்ணீர் நிற்கிற அன்றைக்குத்தான் நமக்குத் தெரியும். படிய ஆரம்பித்தது என்றைக்கோ.

அப்புறம் 1988-ல் அமெரிக்காவில் தேசிய அளவில் ஒரு கோடு போட்டார்கள். 100 மில்லி ரத்தத்தில் 200 மில்லிகிராமுக்குள் என்றால் நல்லது. 200-லிருந்து 239 வரை பார்டர்லைன். அதற்கு மேலே அதிகம். நம் ஊர் லேப் ரிப்போர்ட்டிலும் அந்தக் கோடுதான் அச்சாகிறது.

கோடு சரி. ஆனால் அது முதலில் போடப்பட்டது அமெரிக்கர்களை வைத்து. தாத்தாவுக்குத் தாத்தா கஞ்சித்தொட்டி வாசலில் நின்றவனுக்கு இல்லை.

* * *

1962-ல் ஜேம்ஸ் நீல் என்ற அமெரிக்க மரபியல் விஞ்ஞானி ஒரு யோசனையை முன்வைத்தார். அடிக்கடி பஞ்சம் வரும் இடங்களில், கிடைத்ததைச் சிக்கனமாகச் சேமித்துவைக்கும் உடம்புதான் பிழைக்கும். பஞ்சம் முடிந்து வயிறார சோறு கிடைத்தாலும் அந்த உடம்பு சேமிப்பை நிறுத்தாது. அதுவே சர்க்கரையாக, கொழுப்பாக வந்து நிற்கும்.

மரபணுவா, வளர்ப்பா என்கிற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் புனேவில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழு காட்டியது கண்ணெதிரே தெரிகிற உண்மை. பிறந்த குழந்தைகளை அளந்தார்கள். புனே கிராமத்துக் குழந்தை சராசரியாக 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தை 3.5 கிலோ. நம் குழந்தைக்கு தசை குறைவு, உள்ளுறுப்புகள் சின்னது. ஆனால் கொழுப்பு மட்டும் கிட்டத்தட்ட இங்கிலாந்துக் குழந்தைக்குச் சமமாக இருந்தது. 2003-ல் இதை வெளியிட்டார்கள். அதாவது, ஒல்லியாகத் தெரிகிற உடம்புக்குள் ஒரு குண்டு உடம்பு, தாயின் வயிற்றிலிருந்தே ஒளிந்திருக்கிறது. பசித்த தாய் கொடுக்கிற சீதனம்.

இப்போது மல்ஹோத்ராவின் புதிருக்கு வருவோம். நெய் சாப்பிடாதவனுக்கு ஏன்?

ஏனென்றால் அவன் சாப்பிட்டது சோறு. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழு நடத்திய ஆய்வில், இந்நகரத்துப் பெரியவர்கள் சாப்பிடும் மொத்தக் கலோரியில் கிட்டத்தட்ட பாதி தீட்டிய தானியங்களிலிருந்து வருவதாகத் தெரிந்தது. முக்கியமாக வெள்ளை அரிசி. வேலைக்குச் செலவாகாத சோற்றைக் கல்லீரல் என்ன செய்யும்? கொழுப்பாக மாற்றும். அதன் பெயர் ட்ரைகிளிசரைடு. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு ஏறினால் ஹெச்.டி.எல். என்கிற 'நல்ல' கொலஸ்ட்ரால் இறங்கும். மிச்சமிருக்கும் எல்.டி.எல். துகள்கள் சின்னச் சின்னதாக, எண்ணிக்கையில் அதிகமாக ஆகும். குழாய்ச் சுவருக்குள் நுழைய அவற்றுக்கு ரொம்பச் சௌகரியம்.

2014-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு வந்தது. தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகர் மக்களின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் அதிகம் என்று வந்தவர்கள் 13.9 சதவிகிதம்தான். ஆனால் ஹெச்.டி.எல். குறைவு என்று வந்தவர்கள்? 72.3 சதவிகிதம்!

புரிகிறதா? நம் ஊர் ரிப்போர்ட்டில் பெரிய எழுத்தில் இருக்கும் மொத்தக் கொலஸ்ட்ரால் நம் கதையைச் சொல்லாது. நம் கதை கீழே இருக்கும் வரிகளில்தான் இருக்கிறது.

பீரோவிலிருந்து அந்தக் காகிதத்தை எடுக்கலாம். ஒரு பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் 210. ஹெச்.டி.எல். 34. ட்ரைகிளிசரைடு 220. மொத்தத்தில் ஹெச்.டி.எல்-லைக் கழியுங்கள். 176. குழாயில் படியக்கூடிய சரக்கு மொத்தமும் இதுதான். இது 130-க்குள் இருப்பது நல்லது. நம் பையன் 46 தாண்டி நிற்கிறான். இடுப்பு டேப்பைச் சுற்றினால், ஆண்களுக்கான எல்லை 90 சென்டிமீட்டர், அதையும் லேசாகத் தாண்டியிருப்பான். பெண்களுக்கு 80.

அவனோடு வேலை செய்யும் இன்னொருவனுக்கும் அதே 210 என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஹெச்.டி.எல். 62, ட்ரைகிளிசரைடு 90. கழித்தால் 148. இவனும் கவனிக்கவேண்டியவன்தான். ஆனால் முதல் ஆள் நிற்கும் இடம் வேறு. ஒரே 210. ஒரே 'பார்டர்லைன்'. இரண்டு வெவ்வேறு தலையெழுத்து.

முதல் ஆள் பார்டரில் பாஸ் ஆகவில்லை. பார்டரைத் தாண்டி ரொம்ப நாளாகிறது.

* * *

இதில் அவன் தப்பு எவ்வளவு? நியாயமாகப் பார்த்தால் பாதிகூடக் கிடையாது.

அவனுடைய தாத்தா ஹார்பரில் மூட்டை தூக்கியிருப்பார். தோளில் மூட்டை, பலகையில் ஏறி இறங்கி நாள் பூரா நடை. மூணு வேளையும் சோறு, கூடவே ஒரு துண்டு மீன். தின்றது அத்தனையும் வியர்வையாக ஓடிவிடும். 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் இந்தியாவின் முதல் கன்டெய்னர் முனையம் வந்தது. மூட்டையைப் பெட்டிக்குள் அடைத்துவிட்டார்கள். பெட்டியைக் கிரேன் தூக்குகிறது. கிரேனை ஓட்டுகிறவன் உட்கார்ந்திருக்கிறான். பேரன் உட்கார்ந்து வேலை பார்க்கிறான், ஆனால் தட்டில் விழுவது தாத்தாவின் சோறு. 1967-ல் 'ரூபாய்க்குப் படி அரிசி' கொண்டுவந்ததும், பிற்பாடு ரேஷனில் இலவச அரிசி வந்ததும் பட்டினியை ஒழித்த சாதனைகள். அதில் இரண்டு கருத்து இல்லை. பட்டினி போனது. பட்டினிக்குப் பழகிய உடம்பு மட்டும் போகவில்லை.

கூடவே நைட் ஷிஃப்ட். எண்ணூர், மணலிப் புகை. டூட்டி முடிந்தால் ஒரு சிகரெட், சம்பள நாளில் டாஸ்மாக். சிகரெட் ஹெச்.டி.எல்-லை இறக்கும். சரக்கு ட்ரைகிளிசரைடை ஏற்றும். இரண்டும் சேர்ந்து அவனுடைய பலவீனமான இடத்தையே குறிபார்த்து அடிக்கின்றன. 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளில் நடந்தது. அதில் தெரிந்தது: முதல் மாரடைப்பு வருகிற சராசரி வயது தெற்காசியர்களுக்கு 53. மற்றவர்களுக்கு 58-க்கும் மேலே. ஐந்தாறு வருஷம் முந்திக்கொள்கிறோம். அந்த ஐந்தாறு வருஷத்தில்தான் மகளுக்குக் கல்யாணமும் மகனுக்குக் காலேஜ் ஃபீஸும் வரும்.

அதே இன்டர்ஹார்ட் ஒரு நல்ல சேதியும் சொன்னது. மாரடைப்புக்கான காரணங்களில் சுமார் 90 சதவிகிதம் நாம் அளந்து, மாற்றக்கூடிய ஒன்பதே விஷயங்களுக்குள் அடங்கிவிடுகிறது. புகை, கொழுப்புக் கணக்கு, பிரஷர், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம், உடற்பயிற்சி, குடி. தலையெழுத்து என்று நினைத்ததில் பெரும்பகுதியைப் பென்சிலில்தான் எழுதியிருக்கிறார்கள். அழிக்கலாம்.

* * *

'ஒரு மாத்திரை போட்டால் போச்சு' என்பீர்கள். அந்த மாத்திரைக்கும் ஒரு கதை இருக்கிறது. அதிலும் அரிசி வருகிறது!

ஜப்பானில் அகிரா எண்டோ என்று ஒரு விஞ்ஞானி. விவசாயி வீட்டுப் பிள்ளை. பூஞ்சையிலிருந்து பெனிசிலின் வந்ததே, அதேபோலக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்தும் பூஞ்சையில் கிடைக்காதா என்று 1971-ல் தேட ஆரம்பித்தார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். கடைசியில் 1973-ல் மாட்டியது ஒரு நீலப்பச்சைப் பூஞ்சை. கியோட்டோ நகரத்து தானியக் கடை ஒன்றின் அரிசியில் படர்ந்திருந்தது. ஸ்டாடின் வகை மருந்துகளின் முதல் பாட்டன் அதுதான். 1987-ல் ஸ்டாடின் மாத்திரை முதன்முதலாக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கோடிக்கணக்கான உயிர்களைக் காத்த மருந்து. 2023-ல் தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடிவருகிறவருக்கு அங்கேயே உடனடியாகக் கொடுக்கும் மாத்திரைகளில் ஸ்டாடினும் ஒன்று.

2024-ல் காலமான எண்டோவுக்கே வயதான காலத்தில் கொலஸ்ட்ரால் கொஞ்சம் ஏறியது. அவர் முதலில் கையில் எடுத்தது எதைத் தெரியுமா? உடற்பயிற்சியை!

'நல்ல' கொலஸ்ட்ராலை மாத்திரையால் ஏற்றிவிடலாமே என்றும் முயற்சி செய்தார்கள். டார்செட்ராபிப் என்ற மருந்து அதை அமர்க்களமாக ஏற்றியது. கூடவே மரணங்களும் ஏறின. 2006-ல் சோதனையையே நிறுத்திவிட்டார்கள். ஹெச்.டி.எல். என்பது பெட்ரோல் டாங்க் முள் மாதிரி. முள்ளை விரலால் தள்ளினால் டாங்க் நிரம்பாது.

அப்படியானால் பார்டர்லைன் பையன் என்ன செய்யவேண்டும்?

முதல் காரியம், ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டவேண்டும். சர்க்கரை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது. தைராய்டு மந்தமானாலே கொலஸ்ட்ரால் ஏறும். அப்பா, சித்தப்பா, மாமா யாருக்காவது 55-க்குள், அம்மா, அத்தை யாருக்காவது 65-க்குள் மாரடைப்பு வந்திருந்தால், மறைக்காமல் சொல்லவேண்டும். இந்திய இதயநோய் நிபுணர்கள் சங்கம் 2024-ல் நம் ஊருக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 18 வயதிலேயே முதல் கொழுப்புப் பரிசோதனை, வெறும் வயிறு கட்டாயமில்லை, பரம்பரையாக வரும் லிப்போபுரோட்டீன்-ஏ என்பதை ஆயுளில் ஒரு தடவையாவது பார்த்துவிடவேண்டும் என்கிறது அது. எல்.டி.எல். 190-ஐத் தொட்டால் அது பார்டர்லைன் சமாசாரமே இல்லை. உடனே வைத்தியம் வேண்டும். அதற்குக் கீழே என்றால், பெரும்பாலான இளைஞர்களுக்கு டாக்டர்கள் முதலில் மூன்று மாதம் அவகாசம் தருவார்கள். ஸ்டாடின் வேண்டுமா என்பது அப்புறம், மற்ற ஆபத்துகளையும் கூட்டிப் பார்த்து அவர் முடிவு செய்யவேண்டியது. நாமாக ஆரம்பிக்கவும் கூடாது, நாமாக நிறுத்தவும் கூடாது.

அந்த மூன்று மாதம்தான் நம் கையில். செலவு அதிகமில்லை. தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காயும் பருப்பும் சுண்டலும். காசிமேட்டில் வஞ்சிரத்துக்குப் பணம் கொட்டவேண்டாம். மத்தி, கானாங்கெளுத்தி போதும். இதயத்துக்கு வேண்டிய ஒமேகா-3 அந்த ஏழை மீன்களில்தான் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் குழம்பாக. கறுத்துப்போன எண்ணெயில் பொரித்தால் மீன் செய்த நல்லதை எண்ணெய் தின்றுவிடும். சிகரெட் முழுசாக வேண்டாம். சரக்கும் வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிஷம், மூச்சு வாங்கும் அளவுக்கு நடை. எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே ட்ரைகிளிசரைடு கணிசமாக இறங்கும். மூன்று மாதம் கழித்து அதே டெஸ்ட்டை மறுபடி எடுத்து, இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

27 வயசில் இவ்வளவுதான் விலை. 47-ல் அதே சரக்குக்கு ஸ்டென்ட், பைபாஸ், இ.எம்.ஐ. என்று விலை வேறு.

மணியக்காரர் சத்திரம் இன்றைக்கும் ஸ்டான்லிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆதரவற்ற முதியவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டு. நாலு எட்டு தள்ளி ஆஸ்பத்திரி வாசலில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை ஆட்டோக்கள் இறக்கிவிடுகின்றன.

1782-ல் அந்த வாசலுக்கு வந்தவனுக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினால் உயிர் தங்கியது. அவனுடைய வழியில் வந்த பையனுக்கு, ராத்திரி அம்மா ஆசையாக இன்னொரு கரண்டி சோறு போட வரும்போது, "போதும்மா" என்று தட்டின் மேல் கையை வைத்தால் உயிர் தங்கும்.

வரலாறு சில சமயம் ஒரு கரண்டி அளவில்தான் திரும்புகிறது.